நாடகத்துக்கு இலக்கணம் தந்தவர்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பல இரவுகள் பாரதக் கூத்து நடைபெறும். நிறைவாக வருவது படுகளம். திறந்த வெளியில் துரியோதனனின் பேருருவத்தை மண்ணால் அமைத்துக் கிடத்தியிருப்பார்கள். வீமன் வேடமிட்டவர் அதன் தொடையைப் பிளப்பார். சிறுவனாக அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கவில்லை. இரவெல்லாம் துரியோதனனை ஏசிய பெண்களே, அவன் வீழ்ந்ததும் ஒப்பாரி வைத்து அழுதார்கள். கெட்டவன் செத்தால் ஏன் அழ வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டேன். அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே என்றார் அவர்.

பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, அந்த அழுகைக்கு விளக்கம் தேடி நாடக நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். அவல நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்புகிறது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து முதலில் கிடைத்தது. தமிழில் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தவர் யார் என்று தேடியபோது, பரிதிமாற் கலைஞர் எதிர்ப்பட்டார். செம்மொழி என்ற சொல்லோடு சேர்த்தே நாம் அவரை நினைக்கிறோம். அவர் நாடகத்துக்குச் செய்த பணி அந்தப் புகழின் நிழலில் மறைந்துவிட்டது.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று பிறந்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி. தந்தை கோவிந்த சிவனாரிடம் வடமொழியும், சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் அதன் முதல்வர் வில்லியம் மில்லரின் அன்புக்குரிய மாணவரானார். தமிழிலும் தத்துவத்திலும் சிறந்து விளங்கிய அவர், பட்டம் பெற்றபின் தமிழாசிரியராகவே அக்கல்லூரியில் பணியேற்றார். ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு இருந்த மதிப்பு தமிழாசிரியருக்கு இல்லாத காலம் அது. சந்தை விலை குறைந்த ஒன்றின் உண்மை மதிப்பை அறிந்து தேர்ந்தெடுத்தவர் என்று ஒரு பொருளியல் ஆசிரியனாக நான் அவரை வியக்கிறேன்.

சூரியன் பரிதி ஆயிற்று. நாராயணன் மால் ஆயிற்று. சாஸ்திரி கலைஞர் ஆயிற்று. ஆங்கில சானட் வடிவத்தைத் தழுவிப் பதினான்கு அடிகளில் எழுதிய கவிதைகளின் தொகுப்பாகிய தனிப்பாசுரத்தொகையை இந்தப் புனைபெயரிலேயே வெளியிட்டார். ஆசிரியர் பெயர் அறியாமல் படிப்போர் நூலை எப்படி மதிப்பார்கள் என்று காண விரும்பினார். அக்கவிதைகளை ஜி.யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அவர் மாணவராக இருந்த காலத்தில்தான், 1891-இல், சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. ஆனால் அது படிப்பதற்குரிய நாடகமாகவே நின்றது. மேடையிலோ பாட்டும் பகட்டும் நிறைந்த நாடகங்களே மிகுந்திருந்தன. கற்றவர்கள் நாடகத்தை இழிவாகக் கருதினர். இயல், இசை, நாடகம் என்று பெருமை பேசும் மொழியில் மூன்றாவதற்குத் தனி இலக்கண நூல் கையில் இல்லை. பழைய நாடகத் தமிழ் நூல்கள் அழிந்துபோயின. அவற்றின் சுவடுகள் சிலப்பதிகார உரைகளில் மட்டும் எஞ்சியிருந்தன. அந்தச் சுவடுகளையும் வடமொழி நாடக மரபையும் ஆங்கில நாடகத்தில் தாம் கற்றதையும் ஒருங்கே கொண்டு, 1897-இல் நாடகவியல் என்னும் நூலை அவர் சூத்திர வடிவில் இயற்றினார். இலக்கணம் எழுதியதோடு நிற்கவில்லை. ரூபாவதி, கலாவதி ஆகிய நாடகங்களை எழுதி, அவற்றில் பெண் வேடமும் ஏற்று நடித்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் அரிதாரம் பூசி மேடையேறுவது அன்று எளிய செயலன்று.

நாடகக் கதை வளரும் முறையை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்திகளாகப் பகுப்பது மரபு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் இதை உழவைக் கொண்டு விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் கருவுற்று நிற்பது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்துக் களம் சேர்த்து உண்டு மகிழ்வது துய்த்தல். மானாவாரிக் கேழ்வரகு விளையும் எங்கள் பகுதியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கூத்து வாத்தியார்கள் இச்சொற்களை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் சூதாட்டத்தில் இட்ட வித்து படுகளத்தில் முற்றுவதை ஆண்டுதோறும் ஆடிக் காட்டுகிறார்கள்.

அவர் எழுதிய நாடகங்களில் என் மனத்தைப் பிடித்தது 1902-இல் வந்த மானவிசயம். களவழி நாற்பதைத் தழுவியது அது. சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்தில் தாகத்தால் நீர் கேட்டான். காவலர் காலம் தாழ்த்திக் கொடுத்தனர். அவன் அதைப் பருகாமல் உயிர் துறந்தான் என்கிறது புறநானூற்று மரபு. பொய்கையார் களவழி பாடி அவனைச் சிறை மீட்டார் என்பது மற்றொரு மரபு. போரில் தோற்றவன், ஒரு கலம் நீரை மறுத்ததால் வென்றவனைவிட உயர்ந்துவிடுகிறான். அவனைக் கொன்றதும் அவனை உயர்த்தியதும் ஒரே குணம். அவல நாயகனுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? நாடகத்தின் பெயரே மானத்தின் வெற்றியைத்தான் சொல்கிறது.

இரும்பொறை என்ற பெயர் எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. பெருஞ்சேரல் இரும்பொறை என்ற மற்றொரு சேரன்தான், இன்றைய தருமபுரியாகிய தகடூரை முற்றுகையிட்டு அதியமானை வீழ்த்தினான். அதைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. அழித்த குடியிலும் அழிந்த குடியிலும் அவல நாயகர்கள் உண்டு என்பதை வரலாறு காட்டுகிறது. படுகளத்தில் அழும் பெண்களுக்கும் அது தெரியும்.

மானவிசயம் வந்த காலத்தில்தான் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் எண்ணம் எழுந்தது. பரிதிமாற் கலைஞர், நண்பர் பூரணலிங்கம் பிள்ளை முதலியோருடன் சேர்ந்து அதை எதிர்த்தார். அந்த முயற்சி கைவிடப்பட்டது. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் கட்டுரை எழுதியதும் அப்போதுதான். அடுத்த ஆண்டே, 1903 நவம்பர் 2 அன்று, காசநோய் அவரைக் கொண்டுசென்றது. வயது 33. இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது 2004-இல். அவர் இட்ட வித்து முற்றுவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

செம்மொழிக் கோரிக்கை நிறைவேறிவிட்டது. நாடகக் கோரிக்கையின் நிலை என்ன? ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துள்ளன. இரவெல்லாம் கர்ணனாக ஆடிய இளைஞர் காலையில் வேடம் கலைத்து, சிப்காட் தொழிற்சாலையின் முதல் ஷிப்டுக்குப் பேருந்து ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கூத்து அவருக்குச் சோறு போடாது. அதைக் கல்வியாகவும் யாரும் மதிப்பதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மரபுக் கலைகளின் வளர்ச்சியும் அப்பணிகளின் பட்டியலில் உண்டு. இத்தனை ஆலைகள் சூழ்ந்த ஊரில் கூத்துக்கு ஒரு நிலையான அரங்கும் பயிற்சிப் பள்ளியும் அமைப்பது அரிதா? நாடகவியலைப் பாடமாக வைத்து, அதை விளக்கக் கூத்து வாத்தியார் ஒருவரை உரிய ஊதியத்துடன் வகுப்புக்கு அழைப்பது கல்லூரிகளுக்கு இயலாததா?

பரிதிமாற் கலைஞரின் வாழ்க்கையில் நான்கு சந்திகளும் உண்டு. ஐந்தாவது மட்டும் இல்லை. உழுதார், விதைத்தார், வளர்த்தார், கதிர் முற்றும்போது மறைந்தார். அறுத்துக் களம் சேர்க்கும் பொறுப்பை நமக்கு விட்டுச் சென்றார். அதைச் செய்யாமல் அவருக்கு மாலை மட்டும் இடுவது, தாகத்தோடு இருந்தவனுக்குக் காலம் தாழ்த்தி நீர் கொண்டுவந்த காவலரின் செயலாகிவிடும்.