இராச் செபத்தைப் பிள்ளைகளுக்குத் தந்த பேராயர்

விடுதியிலே வளர்ந்த எவருக்கும் இராச் செபத்தின் அருமை தெரியும். விளக்கணைக்கு முன் அன்றைய நாளைக் கடவுளிடம் ஒப்படைக்கும் அச்சிறு பொழுதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே எழுதிவைத்த பேராயர் தோமஸ் கென் அவர்களை இம்மலரிலே நினைவுகூர விரும்புகின்றோம்.

முற்காலத்தில் துறவியர் மடங்களில் மாலைச் செபமும், உறங்குமுன் சொல்லும் இராச் செபமும் தனித்தனியே நடந்தன. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலச் செபநூல் அவ்விரண்டையும் ஒரே மாலை ஆராதனையாக இணைத்தது. படுக்கையருகே சொல்லும் செபம் அவரவர் பொறுப்பாயிற்று. அந்த இடத்திலேதான் கென்னின் பணி அமைந்தது.

1637இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் இளவயதிலேயே பெற்றோரை இழந்தார். மூத்த சகோதரி ஆனும், அவர் கணவரான எழுத்தாளர் ஐசாக் வோல்ற்றனும் அவருக்கு ஆதரவாயினர். வின்செஸ்ரர் கல்லூரியிலும் ஒக்ஸ்போட்டிலும் கற்றுக் குருவானவர், தாம் படித்த கல்லூரியின் மாணவருக்காக 1674இல் ஒரு செபக் கைந்நூலை வெளியிட்டார். காலை, மாலை, நள்ளிரவு வேளைகளுக்கான அவரது மூன்று கீதங்கள் 1695ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனுடன் சேர்ந்தன. அம்மூன்றுக்கும் முடிவாயமைந்த துதிப்பாட்டை உலகெங்குமுள்ள சபைகள் இன்றும் பாடுகின்றன.

அன்று செய்த பிழையை அன்றே அறிக்கையிட்டு, யாவரோடும் சமாதானமாகி உறங்கவேண்டும் என்பதே மாலைக் கீதத்தின் சாரம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. தாமே அதன்படி வாழ்வதற்குக் கென் பெருவிலை கொடுத்தார்.

இரண்டாம் சாள்ஸ் மன்னர் வின்செஸ்ரருக்கு வந்தபோது, அவரது ஆசைநாயகிக்குத் தம் வீட்டில் இடங்கொடுக்கக் கென் மறுத்தார். அதே மன்னர் பின்னர் அவரையே பாத் - வெல்ஸ் ஆதீனத்தின் பேராயராகத் தெரிந்தெடுத்தார். 1685இல் கிளர்ச்சி தோற்றுச் சிறைப்பட்ட ஏழைகளைத் தேடிச் சென்று உதவினார். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பிரகடனத்தை ஆலயங்களில் வாசிப்பிக்க மறுத்த ஏழு பேராயருள் ஒருவராக லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டு, விசாரணையின் பின் விடுதலையானார். அவ்வாண்டின் இறுதியில் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். புதிய அரசரான வில்லியத்துக்குச் சத்தியஞ் செய்யும்படி பேராயர்கள் கேட்கப்பட்டனர். தம்மைச் சிறையிலிட்ட அரசருக்கே முன்பு செய்த சத்தியத்தை மீற மனமில்லாத கென், 1691இல் பதவியை இழந்தார்.

அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நண்பர் ஒருவரின் லோங்லீற் மாளிகையில் எளிமையாக வாழ்ந்து, 1711 மார்ச் 19இல் கண்மூடினார். இரவுக்கும் விடியலுக்கும் பாட்டுத் தந்தவரின் உடல், புரூம் நகர ஆலயத்தருகே சூரியன் உதிக்கும் வேளையில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று நாம் பல தேசங்களில் சிதறி வாழ்கின்றோம். மணி அடித்து நம்மைச் செபத்துக்கு அழைப்பார் எவருமில்லை. ஆயினும், அன்றன்றைய கணக்கை அன்றே தீர்த்துவிட்டு உறங்கும் பழக்கத்தை நாம் எங்கிருந்தாலும் கைக்கொள்ளலாம். பதவி போனபின்னும் கென்னிடம் எஞ்சியிருந்த செல்வம் அதுவே.