எண்ணிக்கைக்குள் அடங்காத ராமச்சந்திரன்

திருச்சி தந்த அறிவியலாளர் யார் என்று கேட்டால், திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனின் பெயரைப் பள்ளிச் சிறுவரும் சொல்வர். அவருடைய மாணவரும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்று 1942-இல் தேறியவருமான ஜி.என். ராமச்சந்திரனின் பெயரைச் சொல்வோர் இங்கு அரிது. புரதத்தின் வடிவம் ஆராயப்படும் எந்த நாட்டு ஆய்வகத்திலும் அன்றாடம் வழங்கும் பெயர் அது.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சென்றவரை ராமன் தமது இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் படிகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1952-இல், முப்பது வயதையொட்டி, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். ராமனின் பரிந்துரையை ஏற்று அவ்வளவு இளையவரிடம் ஒரு துறையையே ஒப்படைத்த துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சுட்டிக்காட்டினார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அதுவே. அதுவரை தாம் பழகாத துறையில் ராமச்சந்திரன் இறங்கினார். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, மூன்று புரத இழைகள் இணைந்த சுருள் வடிவமே கொலாஜன் என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார்.

அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் இதை மறுத்து எழுதினர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்காத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களது வாதம். ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையில் அவர்கள் செய்த திருத்தம் பின்னர் நிலைத்தது. முச்சுருள் என்ற அடிப்படை சென்னையுடையதாகவே நின்றது. இந்தப் பூசலின் உண்மையான பயன் வேறு. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை முதலில் அறுதியிட்டுவிடுவோம் என்று முடிவெடுத்த ராமச்சந்திரன், அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, குறைந்தபட்ச இடைவெளிகளைப் பட்டியலிட்டார்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாகச் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அந்த இரு கோணங்களையும் கிடையச்சிலும் நேரச்சிலும் வைத்து, எந்தெந்த இணைகளில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று கணக்கிட்டால், பரப்பின் பெரும்பகுதி விலக்கப்பட்டதாகிவிடும். எஞ்சும் சில தீவுகளில்தான் புரதம் வாழ முடியும். மேசைக் கணக்குப் பொறியைச் சுழற்றிச் சுழற்றிச் செய்த வேலை இது. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியான அந்தக் கட்டுரை ஐந்தே பக்கங்கள். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

அடுத்த ஆண்டிலேயே, 1964-இல், அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவரத் தொடங்கியது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் சுட்டினர் என்று எண்ணும் வழக்கம் அதிலிருந்து பெருகி, இன்று நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுவரை ஆட்சி செய்கிறது. 1963-ஆம் ஆண்டுக் கட்டுரை ஆயிரக்கணக்கில் சுட்டப்பட்டதுதான். ஆனாலும் அந்த எண்ணிக்கை அதன் பயன்பாட்டில் ஒரு சிறு பகுதியையே காட்டும் என்பது என் கருத்து. உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. புதிதாக வரும் புரத அமைப்பு சரியானதா என்று பார்க்கும் சோதனைகளில் இந்த வரைபடமும் ஒன்று. அதைப் பயன்படுத்துவோர் பலரும் வரைபடத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பதில்லை. பாடநூலில் ஏறிவிட்ட உண்மைக்கு யாரும் சான்று காட்டுவதில்லை அல்லவா? எங்கள் திருவெள்ளறையில் பல்லவர் காலத்து சுவஸ்திகக் கிணறு இருக்கிறது. வெட்டியவன் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் என்று கல்வெட்டு சொல்கிறது. நீர் முகந்த எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

இன்றைய மதிப்பீட்டுப் படிவத்தை 1954-இன் ராமச்சந்திரனிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். துறை மாறியவர்; எதிர்வாதத்துக்கு விடை காணப் பல ஆண்டுகள் செலவிட்டவர்; கருவிகள் குறைந்த ஆய்வகத்தில் இருந்தவர். ஆண்டுதோறும் புள்ளி கேட்கும் எந்தக் குழுவும் அந்த ஆண்டுகளைப் பொறுத்திருக்காது. முதலியார் பொறுத்தார். அவர் ஓய்வுபெற்ற பின் 1970-இல் ராமச்சந்திரனும் சென்னையைவிட்டு விலகி, பெங்களூரில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரையில், எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை விரைவாக மீட்டெடுக்கும் கணித முறையை அளித்தார். சி.டி. ஸ்கேன் கருவிகளில் நெடுங்காலம் வழங்கியது அவ்வகை முறையே. சி.டி. ஸ்கேனுக்கான 1979-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் சென்றது. லண்டன் ராயல் சொசைட்டி 1977-இல் ராமச்சந்திரனை உறுப்பினராக்கியது. உலகப் படிகவியல் ஒன்றியம் 1999-இல் எவால்ட் பரிசை அளித்தது. அப்போது அவர் பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்தார். 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் மறைந்தார்.