கர்னல் ஆல்காட்

நம் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்தோருள் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அவர்களை நாம் மறத்தல் ஆகாது.

அவர் 1832ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் பிறந்தார். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் பணியாற்றிக் கர்னல் ஆனார், பின்னர் வழக்குரைஞரானார். 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினார். 1882இல் சபையின் தலைமையிடம் நம் தாம்பரத்துக்கு அணித்தேயுள்ள அடையாற்றுக்கு வந்தது.

சுற்றியிருந்த சேரிகளின் பிள்ளைகள் எழுத்தறியாதிருக்கக் கண்டு உளம் வருந்திய அவர், 1894இல் அங்கே அவர்களுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் பௌத்தம் தழுவ இலங்கை சென்றபோதும் உடனிருந்து உதவினார். நாளடைவில் பள்ளிகள் ஐந்தாயின.

அப்பள்ளிகளில் பாமர், கோர்ட்ரைட் என்னும் அமெரிக்க ஆசிரியைகள் பணியாற்றினர். வெறும் மனப்பாடத்தை விடுத்து, பாட்டும் விளையாட்டும் செய்கையும் கலந்த புரோபலின் குழந்தைத் தோட்ட முறை அங்கே கையாளப்பட்டது. தொடலாகாதென்று ஊரார் விலக்கிய பிள்ளைகள், பொருள்களைத் தொட்டறிந்து கற்றனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அரிதாயிருந்த புதுமுறை சேரிப் பிள்ளைக்குக் கிட்டியது.

1907ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அவர் அடையாற்றில் மறைந்தார். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தார்க்கு நாம் கூறுவது ஒன்றே: ஏழைப் பிள்ளைக்கு ஏதோ ஒரு கல்வி போதும் என்று எண்ணற்க, சிறந்த கல்வி முதலில் அவனுக்கே உரியது.