அலெக்சாண்டர்: மாவீரனா, மாமனிதனா?

உலக வரலாற்றில் ‘மகா’ என்னும் அடைமொழி பெற்ற மன்னர் மிகச் சிலரே. அவர்களுள் மாசிடோனிய நாட்டு அலெக்சாண்டரைப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் அறிவர். ஆண்டுகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் அவர்கள், அவ்வடைமொழி எதற்காக வந்தது என்று வினவுவதில்லை. ஆசிரியர்களாகிய நாமும் பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கி.மு. 356-இல் பெல்லா நகரில், இரண்டாம் பிலிப்பின் மகனாகப் பிறந்த இவன், இளமையில் அரிஸ்டாட்டிலிடம் பயின்றான். கி.மு. 336-இல் தந்தை கொலையுண்டபோது இருபதாம் வயதில் அரியணை ஏறினான். நெடிய ஈட்டிகளை ஏந்திச் சுவர்போல் அணிவகுக்கும் காலாட்படையும், தேர்ந்த குதிரைப்படையும், கிரேக்க நகரங்களின்மீது பெற்ற ஆதிக்கமும் தந்தை தேடி வைத்த சொத்தாகும். பாரசீகப் படையெடுப்புங்கூடப் பிலிப் தொடங்கி வைத்ததே.

மறு ஆண்டே தீப்ஸ் நகரம் கிளர்ந்தெழுந்தது. அந்நகர் தரைமட்டமாக்கப்பட்டது. ஆறாயிரம் பேர் மாண்டனர் என்றும், முப்பதாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்றும் பண்டைய ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். பிண்டார் என்னும் கவிஞன் வாழ்ந்த வீட்டை மட்டும் இடியாமல் விட்டானாம். இதனை அவனது கலையுள்ளத்திற்குச் சான்றாகக் காட்டுவாருண்டு. சந்தையில் நிறுத்தி விலை பேசப்பட்ட தாய்மாரும் குழந்தைகளும் அவ்வீட்டை எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை நம் சமூகத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

போர்க்கலையில் அவனுக்கு நிகராவார் சிலரே. கி.மு. 333-இல் இஸ்ஸஸிலும், கி.மு. 331-இல் கௌகமேலாவிலும் பாரசீகப் பேரரசன் மூன்றாம் தாரியஸின் பெரும்படைகளை முறியடித்தான். தீவாக இருந்த டயர் நகரைக் கடலில் கரை எழுப்பி ஏழு மாதத்தில் பிடித்தான். அரிய செயல்தான், ஆயின் அங்கும் பிடிபட்டோர் பல்லாயிரவர் விற்கப்பட்டனர். மாவீரன் என்று எழுதுவதில் நமக்குத் தடையில்லை. ‘மகா’ என்பதிலேதான் ஐயம்.

அவன்பால் நன்மையும் உண்டு. தோற்ற பாரசீகரைத் தன் மக்கள் முணுமுணுத்தும் பொருட்படுத்தாது பதவிகளில் அமர்த்தினான். கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் தோற்ற போரஸிடமே நாட்டைத் திரும்ப ஒப்படைத்தான். எகிப்தில் அலெக்சாந்திரியாவை நிறுவினான். எனினும் அந்நகரின் புகழ்பெற்ற நூலகம் பின்வந்த தாலமி மன்னர்களின் பணியே.

மறுபுறம், கிரானிக்கஸ் போரில் தன் உயிரைக் காத்த கிளைட்டஸை, கி.மு. 328-இல் மது மயக்கத்தில் தன் கையாலேயே குத்திக் கொன்றான். பின்னர் அழுதான் என்பது உண்மையே. பியாஸ் நதிக்கு அப்பால் வர வீரர் மறுத்தபின், திரும்பும் வழியில் மக்ரான் பாலைவனத்தினூடே படையை நடத்தினான். வெயிலிலும் தாகத்திலும் மாண்டோருள் படையைப் பின்தொடர்ந்த பெண்களும் பிள்ளைகளும் மிகுதி. இங்கு அவர்களைக் கொன்றவர் பகைவரல்லர்.

கி.மு. 323-இல் பாபிலோனில், முப்பத்து மூன்று வயது நிரம்புமுன் மறைந்தான். ஆட்சிக்கு எவ்வித ஏற்பாடும் செய்திலன். தளபதிகள் நாட்டைப் பங்கிட்டுப் போரிட்டனர். தாய் ஒலிம்பியாஸும், மனைவி ரொக்சானாவும், அவன் இறந்தபின் பிறந்த மகனும் கொல்லப்பட்டனர். கொல்வித்தவன் கசாண்டர் என்னும் மாசிடோனியத் தலைவன். தீப்ஸ் நகரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எழுப்பியவனும் அவனே.