மன்னிக்கக் கற்ற தாய்

கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போதெல்லாம், நமக்குத் தீமை செய்தவர்களை மன்னிப்பதாக நாம் இறைவனுக்கு வாக்களிக்கிறோம். வாயால் சொல்வது எளிது. மனத்தால் செய்வது அரிது. அந்த அரிய செயலைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டவர் புனித ஜேன் பிரான்சிஸ் தெ ஷாந்தால்.

இவர் பிரான்சு நாட்டின் திஜோன் நகரில் 1572ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் பிறந்தார். ஒன்றரை வயதிலேயே தாயை இழந்த இவரைத் தந்தை கண்ணுங்கருத்துமாக வளர்த்தார். இருபதாம் வயதில் ஷாந்தால் பிரபுவான கிறிஸ்தோபரை மணந்தார். பிரபுவின் பண்ணைகளைச் சீராக நிருவகித்தார். ஏழைகளுக்குத் தம் கையாலேயே உணவளித்தார். இல்லறம் நல்லறமாக நடந்தது.

1601ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. வேட்டைக்குச் சென்ற இடத்தில், உறவினரும் நண்பருமான ஒருவரின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகக் கிறிஸ்தோபர்மேல் பாய்ந்தது. ஒன்பது நாள் வேதனைப்பட்டு அவர் இறந்தார். இறக்குமுன் சுட்டவரை மனமார மன்னித்தார். ஆனால் ஜேனால் மன்னிக்க இயலவில்லை. முப்பது வயதுகூட நிறையாத அவர், நான்கு பிள்ளைகளுடன் விதவையாய் நின்றார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவும் அவர் மனம் ஒப்பவில்லை.

பின்னர் முன்கோபியான மாமனாரின் வீட்டில் வாழ நேர்ந்தது. அங்கே அதிகாரம் செலுத்திய பணிப்பெண் ஒருத்தி அவரை அவமதித்தாள். ஜேனோ அவளுடைய பிள்ளைகளுக்கும் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். இவ்வளவு பொறுமை உள்ளவருக்கும் அந்தப் பழைய காயம் ஆறவில்லை!

1604ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் திஜோனில் மறையுரையாற்ற வந்த ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியாரை ஜேன் சந்தித்தார். அவரே ஜேனின் ஆன்ம குருவானார். கணவரைச் சுட்டவரைத் தேடிச் செல்லும்படி அவர் வற்புறுத்தவில்லை. அம்மனிதர் தாமாக வந்தால் கனிந்த உள்ளத்துடன் வரவேற்க வேண்டும் என்றும், அப்போது மனம் கொதித்தாலும் கலங்க வேண்டாம் என்றும் அறிவுரை கூறினார். ஜேன் கீழ்ப்படிந்தார். முதலில் வழியில் கண்டபோது வணக்கம் சொன்னார். பிறகு தம் இல்லத்திற்கு வரவேற்றார். இறுதியில் அம்மனிதரின் குழந்தைக்கே ஞானத்தாயானார்!

1610ஆம் ஆண்டு ஆன்சி நகரில் சலேசியாருடன் சேர்ந்து மினவுதல் சபையை நிறுவினார். வயது முதிர்ந்தோரும் உடல்நலம் குன்றியோரும்கூட அதில் சேர இடமளிக்கப்பட்டது. 1641ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தபோது எண்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் தோன்றியிருந்தன. 1767ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்புத் தோழிகளே! வகுப்பில் காய் விட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பேசாதிருப்போர் நம்மில் உண்டு. ஒப்புரவு அருட்சாதனம் பெற்று வந்த பின்னும் மனக்கசப்பு மீண்டும் தலைதூக்கினால், நம்மால் மன்னிக்கவே முடியாது என்று சோர்ந்துவிடுகிறோம். ஜேனுக்கும் மனம் ஒரே நாளில் மாறவில்லை, ஆண்டுகள் தேவைப்பட்டன. வலி தீரட்டும், பிறகு மன்னிக்கலாம் என்றும் அவர் காத்திருக்கவில்லை. வலி இருக்கும்போதே ஒரு வணக்கம் சொன்னார். அந்தச் சிறிய வணக்கமே ஞானத்தாய் என்னும் உறவாக வளர்ந்தது. நாமும் நாளைக் காலை ஒரு புன்னகையுடன் முதற்படியில் கால் வைப்போமா?