டிரம்பெட் ஊதியவர் யார்?

உயர்நிலைப் பள்ளியில் டிரம்பெட்தான் என் இணைப்பாட நடவடிக்கை. பாசிர் ரிஸ் பூங்காவில் கடலைப் பார்த்தபடி லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் போல ஊத முயன்றிருக்கிறேன். அப்படித் தொடங்கியவர்தான் சிக் சாக்லெட்.

1916இல் கோவாவின் அல்டோனாவில் பிறந்த அவரது இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். அக்காலத்தில் கோவாவின் தேவாலயப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைக்குறிப்புகளை வாசிக்கக் கற்றுத் தந்தன. 1940களில் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலில் தம் குழுவுடன் ஜாஸ் வாசித்தார். இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே அவரை அழைத்தார்கள்.

ஆனால், அவருடைய இசை இன்றும் ஒலிப்பது இந்தித் திரைப்பாடல்களில்தான். நம் தாத்தா பாட்டி ரசித்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தின் இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுடன் அவர் பணியாற்றினார். மெட்டு இசையமைப்பாளருடையது, அதில் எந்தக் கருவி எங்கே ஒலிக்க வேண்டும் என அமைப்பது சிக் போன்றவர்களின் வேலை.

1951இல் வெளிவந்த ‘அல்பேலா’ படத்தில் அவரும் குழுவினரும் திரையிலேயே தோன்றினர். அந்த வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கோவா இசைக்கலைஞர்கள் பலரின் பெயர்கள் படங்களின் பெயர்ப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை.

1967 மே மாதம் சிக் மறைந்தார். இப்போது பழைய பாடலில் டிரம்பெட் ஒலித்தால், பாடியவரோடு ஊதியவரையும் தேடுகிறேன். நீங்களும் தேடிப் பாருங்களேன்.