தாராவை வரவழைத்த தயான் சந்த்

புதுதில்லி, ஆக. 29: ஹாக்கி மேதை தயான் சந்தின் பிறந்த நாளான இன்று தேசிய விளையாட்டு தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவர் அடித்த கோல்கள் பேசப்படும் அளவுக்கு, அணிக்கு எத்தகைய வீரர் தேவை என்று கணித்த அவரது பார்வை பேசப்படுவதில்லை.

1905-இல் அலாகாபாத்தில் பிறந்து, 1922-இல் ராணுவத்தில் சேர்ந்த அவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 14 கோல்கள் அடித்தார். 1932-இல் இரண்டாவது தங்கம். 1936-இல் பெர்லின் சென்ற அணிக்கு அவரே கேப்டன்.

அங்கு ஒலிம்பிக்குக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் இந்தியா 1-4 எனத் தோற்றது. நடுவில் தயான் சந்தும் அவருக்கு இடப்புறம் தம்பி ரூப் சிங்கும் இருந்தும் தாக்குதல் எடுபடவில்லை. குறுகிய பாஸ்களால் முன்னேறும் அணிக்கு, தனித்துப் பந்தைக் கொண்டு ஓடுபவரைவிட, உடனே திருப்பித் தரத் தெரிந்தவரே தேவை. ராணுவ வீரர் தாராவை அனுப்புமாறு இந்தியாவுக்குத் தந்தி பறந்தது.

அவர் வந்து சேர்வதற்குள், லீக் சுற்றின் மூன்று ஆட்டங்களில் இந்தியா 20 கோல்கள் அடித்திருந்தது, ஒன்றைக்கூட வாங்கவில்லை. வென்ற அணியை மாற்ற எந்த கேப்டனும் தயங்குவார். எனினும் அரையிறுதியில் தாரா களமிறக்கப்பட்டார். பிரான்ஸை இந்தியா 10-0 என வென்றது. ஆகஸ்ட் 15-இல் நடந்த இறுதி ஆட்டத்தில், தயான் சந்துக்கு வலப்புறம் தாரா ஆட, இடைவேளையில் 1-0 என்றிருந்த முன்னிலை 8-1 என முடிந்தது. எதிரணி அதே ஜெர்மனி.

தயான் சந்த் 1979 டிசம்பர் 3-இல் காலமானார். தாரா, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கினார்.